இந்த மூன்று வரி யாரைப் பற்றியது?

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

தொண்டையைத் தவிர நான் சௌக்கியம். நாள் முழுக்கப் பேசுவதே பிழைப்பு என்றான பிறகு தொண்டையைக் குறை சொல்லி என்ன பயன்? உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணனின் அதிகாரம் எப்படி இருக்கிறது? போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் நான் கூப்பிட்டால் அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார். நீங்கள் 'ம்' கொட்டுவதற்குள் உங்கள் பதிலையும் அவரே சொல்லி முடித்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் என் காதில் மணி அடிக்கும். ஆள் போய்ச் சேரும்வரை நான் அவர்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கம்பெனியே ஆங்கிலத்தில் அச்சடித்து மேஜைமேல் ஒட்டியிருக்கிறது. முதல் வரி, 'ஐந்து நிமிடத்தில் ஆள் வந்துவிடுவார்.' காலையில் கேட்டாலும் மாலையில் கேட்டாலும் அதே ஐந்து நிமிடம்தான். இத்தனை பெரிய ஊருக்குப் பழுது பார்க்க இருப்பது இரண்டே பேர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் கவிதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். பயப்படாதீர்கள், மூன்றே வரி. சென்ரியூ என்று பெயர். ஜப்பான்காரர்களின் சரக்கு, ஹைக்கூவின் வாலுத் தங்கை என்று வையுங்கள். ஹைக்கூ நிலாவைப் பார்க்கும். நிலா பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்கிறவரைச் சென்ரியூ பார்க்கும். நான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். ஆபீஸில் மேலே இருப்பவர்கள் எங்களைத் திட்டுவது அந்த மொழியில்தானே, பதிலும் அதிலேயே போகட்டும். முதல் கவிதை தமிழில் இப்படி வரும்:

ஐந்து நிமிடத்தில் ஆள் வருவார்—
ஒரு மணி நேரமாக
அதையேதான் சொல்கிறேன்

இந்த மாதிரிக் கவிதைகளுக்கென்றே வரும் ஒரு சின்ன ஆங்கிலப் பத்திரிகை இதைப் போட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் எப்போதும் முதலாக வந்தவர் நீங்கள். படித்துவிட்டு, சிரிப்பு வந்ததா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி


ஜனவரி 30

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். முதுகுவலி பழகிவிட்டது. சுக்கு, மிளகு போட்டு வெந்நீர் குடி, தொண்டைக்கு இதமாக இருக்கும்.

உன் கடிதத்தை உன் அண்ணன் முதலில் படித்தார். பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தை மூன்று வரியில் வீணாக்க வேண்டாம் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். கம்பெனிகளுக்குப் போய் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடத்துகிறவர் அல்லவா, உன் மேலாளரையும் ஒரு கூட்டத்தில் பார்த்திருக்கிறாராம். நல்ல மனிதர் என்கிறார்.

பிறகு நான் படித்தேன். சிரிப்பு வந்தது. பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் சிரித்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கவிதையில் யார் பெயரும் இல்லையே. பெயர் போடாமல் எழுதினால், யாரைச் சொல்கிறாயோ அவருக்கு அது எப்படித் தெரியும்?

எனக்கு ஒரு குறையும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

வெந்நீர் வேலை செய்கிறது. குரல் பாதி திரும்பிவிட்டது, மேலாளருக்குத்தான் கெட்ட காலம்.

உங்கள் சந்தேகத்துக்குப் பதில். சென்ரியூவில் பெயர் போடக் கூடாது என்பது எழுதாத சட்டம். பெயர் போட்டால் அது வெறும் புகார், அந்த ஆளோடு முடிந்துபோகும். போடாவிட்டால், தொப்பி யார் தலைக்குப் பொருந்துகிறதோ அவரே எடுத்து மாட்டிக்கொள்வார். நாம் தேடிப் போக வேண்டியதே இல்லை.

போன வாரம் மாதக் கூட்டம். எழுந்து நின்று ஆங்கிலத்திலேயே கேட்டேன். இருப்பது இரண்டு ஆட்கள், ஐந்து நிமிடம் என்று எங்களைப் பொய் சொல்ல வைப்பது ஏன் என்று. அதற்கு முந்தின நாள்தான் ஒரு கர்ப்பிணிப் பெண் உள்ளே நின்றபடி அழுதுகொண்டிருந்தாள். ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று கிளிப்பிள்ளையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. மேலாளர் முழுவதையும் கேட்டார். புன்னகைத்தார். நான் சொன்னதில் ஒரு சொல் தவறு என்று திருத்திவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே எழுதினேன்:

என் ஆங்கிலத்தைத்
திருத்திவிட்டார்—
கேள்விக்குப் பதில் இல்லை

பத்திரிகைக்கு அனுப்பியாகிவிட்டது. அதில் வந்ததும் தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாக இருக்கிறேன். உங்களுக்கும் ஒரு பிரதி வரும். உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் அதைக் கேட்கவே இல்லையே, அண்ணி.

உங்கள்
வாயாடி


ஏப்ரல் 4

தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ அனுப்பிய பத்திரிகை நேற்று வந்தது. பிரித்துப் பார்த்தேன். என்னைப் பற்றி அச்சில் எழுதும் அளவுக்கு வளர்ந்துவிட்டாய். இதைச் சொல்லிக் கொடுத்தது உன் அண்ணியா? அவளைக் கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள்.

நாலு பேர் எதிரில் அவள் ஆங்கிலத்தை நான் திருத்துவது அவள் நன்மைக்குத்தான். பிழையோடு பேசிக் கேலிக்கு ஆளாவதைவிட வீட்டு மனிதன் திருத்துவது மேல். இதே ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு கண் மருத்துவமனையில் வரவேற்பு வேலைக்குப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானே அவர்களுக்குச் சொல்லி, அவமானம் வராமல் காப்பாற்றினேன். இதெல்லாம் உனக்குத் தெரியாமல் அந்த மூன்று வரியை நீ எழுதியிருக்க முடியாது.

கவிதையைத் திரும்பப் பெறுவதாக உடனே பத்திரிகைக்கு எழுது. நகலை எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
அண்ணன்


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்?

அண்ணனின் கடிதம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது அவரைப் பற்றியது இல்லை. எங்கள் மேலாளரை நினைத்து எழுதியது. அண்ணன் உங்களை நாலு பேர் எதிரில் திருத்துவது எனக்குத் தெரியாது. மருத்துவமனை வேலை கூப்பிட்டதும் தெரியாது, அதை அவர் தட்டிவிட்டதும் தெரியாது. இத்தனையையும் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறார். இவ்வளவு நாளாக எனக்கு ஏன் சொல்லவில்லை?

இங்கேயும் அதே கூத்துதான். பலகையில் ஒட்டிய அன்றே மேலாளர் நிர்வாக அறைக்குப் போய்ப் புகார் கொடுத்தார், தன்னை அவமதித்துவிட்டதாக. அவர் வெளியே வருவதற்குள் கணக்குப் பிரிவுத் தலைவர் போய்த் தன்னைத்தான் என்றார். கொள்முதல் அதிகாரியும் விடவில்லை. அவரிடம் நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்து இருக்கைத் தோழி, நாங்கள் 'மூக்குக்கண்ணாடி' என்று கூப்பிடுவோமே, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. யாரை மனதில் வைத்து எழுதினேன் என்று பெயர் சொல்லி மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் வேலை போகும். அதுவரை போனைத் தொடக் கூடாது என்று பழைய நாற்காலிகள் அடுக்கிய அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

என் கதை கிடக்கட்டும். உங்களுக்கு அந்த வேலை வேண்டுமா, வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள், அண்ணன் சொல்ல வேண்டாம்.

கவலையுடன்,
வாயாடி


ஏப்ரல் 28

அன்புள்ள நாத்தனாருக்கு,

நாங்கள் அனைவரும் நலம். அதுபோல் உன் நலத்தையும் அறிய விரும்புகிறோம்.

பெரியவர்கள் மனம் புண்படும்படி எழுதுவது நம் குடும்பத்துக்கு அழகல்ல. அலுவலகத்தில் கேட்கும் மன்னிப்பை உடனே எழுதிக் கொடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொள்ளவும். உன் அண்ணனிடமும் வருத்தம் தெரிவித்து எழுதவும். எனக்கு வேலைக்குச் செல்லும் எண்ணம் எதுவும் இல்லை.

இந்தக் கடிதத்தை உன் அண்ணன் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் திருத்தினார்.

இப்படிக்கு,
அண்ணி


மே 3

அன்புள்ள அண்ணிக்கும், முதலில் பிரித்துப் படிக்கப்போகும் அண்ணனுக்கும்,

நான் நலம். இருவரும் நலம் என்று கடிதம் சொல்கிறது. அதன் கடைசி வரி வேறு ஏதோ சொல்கிறது. அந்த வரி எப்படித் திருத்தாமல் தப்பித்தது என்று யோசித்து யோசித்துச் சிரித்தேன், பிறகு அழுகை வந்துவிட்டது.

அண்ணா, மன்னிப்புக் கேட்க மாட்டேன். உங்களிடமும் இல்லை, அங்கேயும் இல்லை. உங்களைப் பற்றி நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பேன்.

விசாரணை போன திங்கட்கிழமை நடந்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் புண்பட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் நான் ஒருத்தி. ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் பார்க்கிற அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"யார மனசுல வச்சு எழுதினீங்க? பேரச் சொல்லுங்க, விஷயம் இதோட முடிஞ்சிடும்."

"இது என்னத்தான்னு இவங்கள்ல யாராவது ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும் சார். அவர்கிட்ட பேர் போட்டே மன்னிப்புக் கேக்கறேன்."

அந்த அதிகாரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கையெழுத்துப் போட்டால், கேள்விக்குப் பதில் சொல்லாத ஆள் நான்தான் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே. மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். கணக்குப் பிரிவுத் தலைவர் ஒரு போன் வந்ததாகச் சொல்லி வெளியே போனார். போன் அடிக்கவில்லை.

முடிவைப் பிறகு சொல்வதாக அனுப்பிவிட்டார்கள். அனேகமாக வேலை போய்விடும். வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து நிமிடம் என்று தினம் பொய் சொன்ன வாயால் இந்தப் பொய்யையும் சொல்ல முடியாது.

அண்ணி, உங்களிடம் நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.

உங்கள்
வாயாடி


ஜூன் 6

என் வாயாடிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை சொல்லிக் கொடுத்து எழுதவில்லை. கடிதத்தை நானே தபால் பெட்டியில் போடப்போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் உன்மேல் கோபம் வந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டதை இவள் எப்படி அச்சில் போட்டாள் என்று. நீ எழுதியது வேறு யாரையோ என்று தெரிந்ததும் கோபம் போய் வெட்கம் வந்தது. முன்பின் தெரியாத ஒரு மேலாளரும் என் வீட்டுக்காரரும் ஒரே மூன்று வரிக்குள் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

மே கடைசியில் உன் அண்ணன் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தேன். கண் மருத்துவமனைப் பெண். வந்த ஆள் நின்றுவிட்டாளாம், இப்போதாவது எனக்கு மனம் மாறியிருக்கிறதா என்று கேட்டாள். மாறுவதற்கு என் மனதை யாரும் கேட்கவே இல்லையே. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அன்று மாலை உன் அண்ணனின் மேலதிகாரியும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். நான்கு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். நான் வழக்கம்போலத் தட்டை நீட்டிப் புன்னகைத்துக்கொண்டிருந்தேன். யாரோ வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்றார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, உன் அண்ணனைப் பார்த்து ஆங்கிலத்திலேயே கேட்டுவிட்டேன். என்னை வேலைக்குக் கூப்பிட்டவர்களிடம் எனக்கு விருப்பமில்லை என்று ஏன் சொன்னீர்கள் என்று.

அவர் சிரித்தார். நான் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்துவிட்டேனாம். அதை அழகாக, இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் எழுந்து உள்ளே போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தாள். உன் கவிதையை அவள் படித்தவள் இல்லை, அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"உச்சரிப்பு சரி. அவங்க கேட்டதுக்கு என்ன பதில்?" என்றாள்.

உன் அண்ணன் மேலதிகாரியைப் பார்த்தார். மேலதிகாரி தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

"பதில் வராதுங்க," என்றேன் நான். "நாளைக்கு நானே போய்ப் பேசிக்கறேன்."

போனேன். ஒன்றாம் தேதியிலிருந்து வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வீட்டில் உன் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. இவ்வளவு அமைதியாக இந்த வீடு இருந்ததே இல்லை, எனக்கு ஒரு வகையில் ஓய்வாக இருக்கிறது. உன் கேள்விக்குப் பதில், ஆமாம், எனக்கு அந்த வேலை வேண்டும்.

இனி எனக்கு மருத்துவமனை முகவரிக்கே எழுது. நானும் ஒன்று எழுதிப் பார்த்திருக்கிறேன், ஆங்கிலத்தில். முதலில் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உனக்குக் காட்டினால் திருத்திவிடுவாயோ என்று பயம்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 25

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூக்குக்கண்ணாடிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் கவிதையைத் திருத்த மாட்டேன், செத்தாலும்.

எனக்கு வேலை போய்விட்டது. போன விதத்தைக் கேளுங்கள். கவிதையைப் பற்றி உத்தரவில் ஒரு எழுத்துகூட இல்லை. எனக்கு 'ஆங்கிலத்தில் பேசும் திறன் போதவில்லை' என்று காரணம் போட்டிருக்கிறார்கள். என் மூன்று வரியை அவர்களே உத்தரவாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள், முத்திரையோடு. மேலாளர் கண்ணை நிமிர்த்தாமல் நீட்டினார். வாங்கிக்கொண்டு, நான் கேட்டதற்குப் பதில் என்ன என்று மறுபடி கேட்டேன். கதவைக் காட்டினார்.

பொருட்களை எடுக்க மேஜைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து மூக்குக்கண்ணாடியின் போன் அடித்தது. அவள் என்னைப் பார்த்தாள். காதில் மாட்டுவதைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். உள்ளே ஒரு பெண், மூச்சு வாங்குகிறாள். எவ்வளவு நேரமாகும் என்றாள்.

"ஒரு மணி நேரமாவது ஆகும்மா," என்றேன். "பொய் சொல்லல. கதவு திறக்கற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

அவள் தரையில் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னாள். குரல் இறங்கியது. அவள் வேலை, என் வேலை என்று கதவு திறக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். காவலாளி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். என்னை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த வரிசையில் இருக்கும் யாருமே ஐந்து நிமிடம் என்று சொல்வதில்லையாம். மேஜைமேல் ஒட்டியிருந்த தாளை மூக்குக்கண்ணாடி முதலில் கிழித்தாள், பிறகு மற்றவர்கள். அத்தனை பேரையும் அந்த நாற்காலி அறையில் உட்கார வைக்க முடியாது.

வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் அமையவில்லை. இதையெல்லாம் மறுபடி செய்யச் சொன்னாலும் இப்படியேதான் செய்வேன்.

உங்கள்
வாயாடி


செப்டம்பர் 12

என் வாயாடிக்கு,

முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? வேலை அமையும்வரை இங்கே வந்து இருப்பதென்றால் வா. கூடத்தில் உனக்குப் படுக்கை போடுகிறேன். உன் அண்ணனைக் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

பத்திரிகை வந்துவிட்டது. என் கவிதை, என் பெயரோடு. தமிழில் சொல்லிப் பார்த்தேன்:

எல்லோர் பிழையும் தெரியும்—
கண்ணாடி முன்னால்
தலை மட்டும் வாருகிறார்

மருத்துவமனையில் எல்லோரும் வாங்கிப் படித்தார்கள். பெரிய டாக்டர் மட்டும் இரண்டு நாளாக என் பக்கம் வராமல் பின்வாசல் வழியாகப் போகிறார். நீ சொன்னது சரிதான், நாம் தேடிப் போக வேண்டியதே இல்லை.

பத்திரிகையை வீட்டில் ஒளித்து வைக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் விரித்தே வைத்தேன். காலையில் உன் அண்ணன் தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். படித்தார். மறுபடி படித்தார். கையில் பேனா இருந்தது. எங்கேயாவது கோடு போடுவார் என்று பார்த்தேன், போடவில்லை. இத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"இது யாரப் பத்தி?"

நீயாக இருந்தால், தன்னைத்தான் என்று நினைக்கிறவர் எழுதிக் கொடுக்கட்டும் என்றிருப்பாய். கவிதைக்கு அதுதான் சட்டம், எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் நான் கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொல்லவில்லை என்பதால், அவர் கேட்டதற்கு நானும் பதில் சொல்லாமல் விட வேண்டுமா?

"உங்களப் பத்திதான்," என்றேன்.

திருத்துவதற்கு வாயைத் திறந்தார். அதில் திருத்த ஒன்றும் இல்லை.

அன்புடன்,
உன் அண்ணி